காலணா கார்டில் வந்த காய்ச்சல்

குனிந்து வாங்க, நிலை தலையில் இடிக்கும். செருப்பை அந்த ஆட்டுக்கல் பக்கம் விட்டுவிடலாம். முன்பக்கத் திண்ணை, கண்ணாடி அலமாரி, மாலை போட்ட அகத்தியர் படம், டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டம், இதெல்லாம் ஊருக்கே தெரியும். நமக்கு இன்றைக்கு வாய்த்திருப்பது பின்கட்டு! அவிநாசிப் பக்கம், தலைமுறை தலைமுறையாக நாட்டு வைத்தியம் பார்க்கும் ஒரு வீட்டின் பின்கட்டு. வெளியாளை லேசில் உள்ளே விடமாட்டார்கள்.

ஊர்ப் பேரும் வீட்டுப் பேரும் எழுதக் கூடாது என்பது ஒரே நிபந்தனை. "உள்ள இருக்கறது பூராவும் அடுத்தவங்க ஒடம்புச் சமாச்சாரமுங்க" என்றார் இப்போதைய வைத்தியர். நியாயம்தான். உடனே ஒத்துக்கொண்டேன். ஏனென்றால் நான் பார்க்க வந்தது அந்தச் சமாச்சாரத்தைத்தான். இந்த வாசற்படியை ஒரு தரம்கூட மிதிக்காத எத்தனையோ பேருக்கு இங்கே வைத்தியம் நடந்திருக்கிறது. அவர்கள் கடிதம் போட்டார்கள். இங்கிருந்து பதிலும் மருந்தும் போயின. அந்தக் கடிதங்கள் இன்னும் இருக்கின்றன என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

முதலில் மருந்து இடிக்கும் கொட்டகையைத் தாண்டியாக வேண்டும். மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள், இன்றைக்குச் சுக்கு. இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுகிறார்கள். முதுகில் வியர்வை ஓடுகிறது. தூள் ஜன்னல் வெளிச்சத்தில் பறக்கிறது. நான் தொடர்ந்து தும்மியதைப் பார்த்து அவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "திப்பிலி இடிக்கறன்னிக்கு வந்துருக்கோணுமுங்க, இது சும்மா" என்றார் பெரியவர். மூலையில் விறகடுப்பில் தைலம் கொதிக்கிறது. பதம் பார்க்கிற அம்மா ஒரு திரியை அதில் நனைத்து நெருப்பில் காட்டினார். சடசடவென்று பொரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறதாம். பொரிந்தது. விறகைத் தள்ளிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டிலில் மூடி போட்டு அழகாக நிற்கிற தைலத்துக்குப் பின்னால் இவ்வளவு தும்மலும் வியர்வையும் இருக்கின்றன.

கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஓட்டு வில்லை போட்ட ஒரு சின்ன அறை. அங்கேதான் நமக்கு விருந்து. உத்தரத்தில் அடித்த ஆணிகளிலிருந்து வளைந்த இரும்புக் கம்பிகள் தொங்குகின்றன. ஒவ்வொரு கம்பியிலும் கடிதங்கள், கார்டுகள், கவர்கள், நடுவில் ஓட்டை போட்டு, உப்புக்கண்டம் கோர்த்துக் காயப்போட்ட மாதிரி! பழைய மளிகைக் கடைகளில் பில் குத்தி வைக்கும் அதே கம்பிதான். கீழே கிடப்பது பழசு, மேலே ஏற ஏறப் புதுசு. அடியில் பழுப்பேறிய காலணா கார்டுகள், நடுவில் சுதந்திரத்துக்குப் பிறகு, 1950-இல் வந்த நீல நிற இன்லேண்டு, உச்சியில் பின்கோடு எழுதிய கவர்கள். ஒரு கம்பியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டால் ஒரு தாலூக்காவின் வயிற்று வலி, மூட்டு வலி, தூக்கமின்மை அத்தனையும் கையில் கனக்கிறது.

எப்படி இது சாத்தியமாயிற்று என்றால், தபால்காரருக்குத்தான் முதல் கும்பிடு. 1854-இல் இந்தியா முழுக்க ஒரே கட்டணம் என்று வந்தது: அரை அணாவுக்கு ஒரு கடிதம் தேசத்தின் எந்த மூலைக்கும் போகும். 1862-இல் மதராஸிலிருந்து வந்த ரயில் பாதை போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரையைத் தொட்டது. 1877-இல் வி.பி.பி. வந்தது, பார்சலைக் கையில் வாங்கும்போது பணம் கொடுத்தால் போதும். 1879-இல் காலணாவுக்குக் கார்டு. 1880-இல் மணியார்டர். ஒரு வைத்தியர் உட்கார்ந்த இடத்திலிருந்து வைத்தியம் பார்க்க இதற்கு மேல் என்ன வேண்டும்? கால் அணாவில் நோயைச் சொல்லலாம், வி.பி.யில் மருந்தை வாங்கலாம். மாட்டு வண்டி பூட்டி, இரண்டு நாள் வேலையைக் கெடுத்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

இப்போது ஒரு கார்டைப் பார்ப்போமா? எழுதியவர் பெயரையும் ஊரையும் வைத்தியர் விரலால் மறைத்துக்கொண்டு காட்டினார். பல்லடம் பக்கத்து விவசாயி. மேலே பிள்ளையார் சுழி. இடம் பற்றாமல் எழுத்து வரவரச் சுருங்கி, கடைசியில் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு ஓடுகிறது. படிக்கக் கார்டைச் சுழற்ற வேண்டியிருக்கிறது. வயிற்று வலி என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். மனுஷன் முடிக்கவில்லை. எந்த வெள்ளாமையின்போது வலி ஆரம்பித்தது, கிணற்றில் கவலை இறைக்கும்போது எந்தப் பக்கம் பிடித்து இழுக்கிறது, கம்பஞ்சோறு தின்ற அன்றைக்கு எப்படி, விருந்துக்குப் போய் நெல்லஞ்சோறு தின்ற அன்றைக்கு எப்படி, படுத்தால் எப்படி, குப்புறப் படுத்தால் எப்படி என்று வரிசையாகச் சொல்கிறார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எந்த மருத்துவமனை வரிசையில் நின்றாலும் இவ்வளவு பேச விட்டிருப்பார்களா?

அதைவிட அருமை, கார்டின் அடியில் வேறு கையெழுத்து. குண்டு குண்டாக, எழுத்துக்கூட்டி எழுதியது. அவர் கள்ளுக் குடிப்பதைச் சொல்லியிருக்க மாட்டார், நான் சொல்கிறேன் என்று மனைவி ஒரு வரி சேர்த்திருக்கிறார்! அன்றைய வைத்தியர் அந்த வரிக்குக் கீழே சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருக்கிறார். "இதெல்லாம் அடிக்கடி நடக்குமுங்க. கார்டைப் போஸ்ட் பண்ணக் குடுத்து உடறது சம்சாரத்துக்கிட்டத்தான" என்று சிரித்தார் இன்றைய வைத்தியர்.

சரி, நாடி பிடிக்காமல் எப்படி வைத்தியம்? சித்த மருத்துவத்தில் நோயைக் கணிக்க எட்டு வழி உண்டு: நாடி, தொட்டுப் பார்ப்பது, நாக்கு, நிறம், பேச்சு, கண், மலம், சிறுநீர். கடிதத்தில் நாடி வராது, தொடுகை வராது, குரலும் வராது. மிச்சத்தை நோயாளியின் கண்ணை நம்பித்தான் வாங்க வேண்டும். அதற்காகவே இந்த வீட்டில் ஒரு கேள்வித் தாள் அச்சடித்து வைத்திருந்தார்கள். முதல் கார்டு வந்ததும் மருந்து போகாது, இந்தத் தாள்தான் போகும். நாக்கு வெள்ளையா, மஞ்சளா, வெடிப்பு உண்டா? கண்ணில் எரிச்சலா, கனமா? தூக்கம் முன்னிரவில் கெடுகிறதா, பின்னிரவிலா? தாகம் உண்டா? வெயிலில் கூடுமா, பனியில் கூடுமா? என்ன தொழில்? வீட்டில் வேறு யாருக்காவது உண்டா? குனிந்து படித்துக்கொண்டே போனேன். சில கேள்விகளை என்னையே கேட்டுக்கொண்டேன்.

இதே யோசனை, இதற்கெல்லாம் முன்னாலேயே, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்தில் ஒரு டாக்டருக்கும் வந்திருக்கிறது. சாமுவேல் தீசோ (1728–1797) என்பது அவர் பெயர். 1761-இல் சாதாரண ஜனங்களுக்காக அவர் எழுதிய மருத்துவப் புத்தகம் ஐரோப்பாவில் சக்கைப்போடு போட்டது. டாக்டரிடம் ஆலோசனை கேட்கிறவர்கள் எந்தெந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு பட்டியலே கொடுத்திருந்தார். பிறகென்ன, கடிதங்கள் குவிந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டவை இன்றும் லோசானில் பத்திரமாக இருக்கின்றன. நோயாளியை நேரில் பார்க்க முடியாத இக்கட்டு அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். இரண்டு பேரும் கேள்வி கேட்டுத்தான் அதைக் கடந்தார்கள்.

நம் ஆட்கள் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள், அதைக் காட்டத்தான் இந்தக் கவரைப் பிரிக்கச் சொன்னேன். உள்ளே ஒரு தாளில் வட்டம் வரைந்து, வட்டத்துக்குள் நெளிநெளியாக ஒரு கோடு. ஏதோ குழந்தை கிறுக்கியது என்று நினைத்தேன். இல்லை, அது பரிசோதனை முடிவு! காலையில் பிடித்த சிறுநீரில் ஒரு துளி நல்லெண்ணெய் விட்டு அது எப்படிப் பரவுகிறது என்று பார்ப்பது நெய்க்குறி. பாம்பாக நீண்டு ஓடினால் வாதம், மோதிரமாகப் பரவினால் பித்தம், முத்தாக நின்றுவிட்டால் கபம் என்பது சித்தர்களின் கணிப்பு. அதை வீட்டிலேயே செய்து பார்த்து, பார்த்ததை வரைந்து அனுப்பு என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். காட்டு வேலை செய்கிற ஒரு மனிதர் விடியற்காலையில் கிண்ணமும் எண்ணெயுமாக உட்கார்ந்து, பென்சிலை எச்சில் தொட்டு, அந்த நெளிவை அவ்வளவு அக்கறையாக வரைந்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் சிறுநீரையே குடுவையில் அடைத்து ஆள் மூலம் டாக்டருக்கு அனுப்புவார்களாம். படம் வரைந்து அனுப்புவது எவ்வளவு நாகரிகம்!

அடுத்தது மேஜை. ஒரு கால் ஆடுகிறது, அடியில் மடித்த அட்டை. மசிக் கறை மேப்பு வரைந்த மேஜை. சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு வைத்தியர் ஈசிசேரில் சாய்ந்து சொல்லச் சொல்ல, அண்ணன் மகன் எழுதுவானாம். எழுதிய பதில் அப்படியே போய்விட்டால், அடுத்த கடிதம் வரும்போது முன்னால் என்ன கொடுத்தோம் என்று தெரியாது. அதனால் பதில் நோட்டு. தேதி, ஊர், நோய், மருந்து, அளவு, அனுபானம், பத்தியம் என்று கோடு கிழித்த பெரிய நோட்டு. அளவுகளைப் பாருங்கள்: குன்றிமணி எடை, சுண்டைக்காய் அளவு, திரிகடி. தராசு இல்லாத வீட்டிலும் மூன்று விரலும் சுண்டைக்காயும் இருக்குமல்லவா? கடிதத்தில் சொல்லவும் சுலபம், தப்பாகவும் போகாது. தேனில் குழைத்தா, நெய்யிலா, வெந்நீரிலா என்பதை மட்டும் ஒவ்வொரு பதிலிலும் இரண்டு தடவை எழுதியிருக்கிறார்கள். எழுதிய பையனுக்குக் கை வலித்திருக்கும். ஒரு பக்கத்து ஓரத்தில் காளை மாடு வரைந்து வைத்திருக்கிறான். கொம்பு பிரமாதம்.

பதிலுக்கு நகல் வைக்கிற இந்தப் பாடு பட்ட இன்னொருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. எடின்பரோ நகரத்தில் வில்லியம் கல்லன் (1710–1790) என்ற பெரிய பேராசிரியர், தபாலில் வந்த நோயாளிகளுக்கு வருடக்கணக்கில் பதில் எழுதியிருக்கிறார். முதலில் ஆள் வைத்து ஒவ்வொரு பதிலையும் கையால் நகல் எடுத்தார். 1780-இல் நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட் ஒரு நகல் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருடமே அது கல்லன் கைக்கு வந்துவிட்டது! மசி காயாத கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால், எழுத்து அதில் ஒட்டிக்கொள்ளும். இடம் வலம் மாறித் தெரிவதை மறுபக்கம் திருப்பிப் படிக்க வேண்டும். அந்த நகல்களும், நோயாளிகள் எழுதிய கடிதங்களும் எடின்பரோ ராயல் மருத்துவர் கல்லூரியில் இருக்கின்றன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் அத்தனையையும் படமெடுத்து, எழுத்துப் பெயர்த்து, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கும்படி இணையத்தில் போட்டுவிட்டார்கள். ராத்திரி கண் எரிய எரியப் படித்தேன். கீல்வாதம், அஜீரணம், மனச்சோர்வு. மருந்து கொஞ்சம், சாப்பாடு, குளியல், குதிரைச் சவாரி, பிரயாணம் என்று ஆலோசனை நிறைய. பல்லடத்துக் கார்டைக் கல்லன் பார்த்திருந்தால் அவருக்கு எதுவும் புதுசாகப் பட்டிருக்காது.

வாங்க, பார்சல் கட்டும் இடத்தை விட்டுவிட்டோம். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து பார்சல் கட்டிய ஆத்தா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இப்போதும் கை சும்மா இருக்கவில்லை. பேசிக்கொண்டே பழைய நூல்கண்டுக்குச் சிக்கெடுக்கிறார். "லேகியந்தான் கண்ணு கெரகம். சூட்டோட டப்பாவுல போட்டா வேர்த்து ஊசிப்போயிரும். ஆற வெச்சு, மேல நெய்ய ஊத்தி, வாய்க்குத் துணி கட்டி, தகர மூடி போட்டு, அரக்கு வெக்கோணும். சூரணம்னா தொந்தரவில்ல, பொட்டணம் மடிச்சாப் போச்சு" என்று விரலால் மடித்துக் காட்டினார். காற்றிலேயே ஒரு பொட்டலம் உருவாயிற்று.

தபால் மூட்டை கட்டும் நேரம்தான் இந்த வீட்டில் போர்க்களமாம். மத்தியானம் சோறு வெந்துகொண்டிருக்கும், அரக்கு உருகும், ஒருவர் விலாசம் எழுத, ஒருவர் வி.பி. பாரம் பூர்த்தி பண்ண, கொட்டகை ஆள் ஒருத்தர் சைக்கிளில் ஒரு காலை வைத்துக்கொண்டு கத்துவாராம். ஒரு தடவை அவசரத்தில் இரண்டு பார்சலுக்கு விலாசம் மாறிப்போய், இருமல் மருந்து கேட்டவருக்கு முட்டித் தைலம் போய்விட்டது. நல்லவேளையாக அந்த மனிதர் படித்துப் பார்த்து, எனக்கு முட்டி வலிப்பது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நன்றி சொல்லிக் கார்டு போட்டார்! ஆத்தா இதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு அவர் மாமனார் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து விலாசம் எழுதுகிறவரே டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்த பிறகுதான் ஒட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது.

பத்தியம் பற்றிய கடிதங்களுக்கென்றே ஒரு கம்பி முழுசாக இருக்கிறது. புளி ஆகாது, பூசணி ஆகாது, அகத்திக்கீரை மருந்தை முறித்துவிடும் என்று இங்கிருந்து போகும். அங்கிருந்து கேள்வி வரும்: மாமியார் வீட்டுச் சீருக்குப் போகிறேன், கறிக்குழம்பு ஒரு கரண்டி ஊற்றிக்கொள்ளலாமா? தீபாவளிக்கு மட்டும் எண்ணெய் தேய்த்துக்கொள்ளலாமா? நோன்பு வருகிறது, மாவிளக்குப் பிரசாதம் சாப்பிடலாமா? ஒவ்வொன்றுக்கும் பதில் போயிருக்கிறது. பாதிக்குக் கூடாது, மீதிக்கு, கொஞ்சம்.

இந்தத் தொழிலில் பெரிய பேர் எடுத்தவர்கள் நம் கொங்கு எல்லைக்கு இரு பக்கமும் இருந்தார்கள். தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர். நாம் அவரைக் கருணாமிர்த சாகரம் எழுதிய இசை மேதையாகத்தான் கொண்டாடுகிறோம். 1890 வாக்கில் வாத்தியார் வேலையை விட்டு முழுநேர வைத்தியத்தில் இறங்கினார். அவருடைய கருணானந்தர் சஞ்சீவி மருந்துகள் கடல் தாண்டிப் போயின. அந்த மருந்து வருமானம்தான் இசை மாநாடுகளுக்கும் ஆராய்ச்சிக்கும் செலவாயிற்று. 1917-இல் வந்த அந்த மகத்தான நூலுக்குப் பின்னால் எத்தனையோ பார்சல்களின் அரக்கு வாசனை இருக்கிறது என்று எண்ணும்போது மனசு நிறைகிறது.

பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப் பக்கம் கோட்டக்கல். 1902-இல் வைத்தியரத்னம் பி.எஸ். வாரியர் அங்கே ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கினார். அடுத்த வருடமே 'தன்வந்தரி' என்று பத்திரிகை நடத்த ஆரம்பித்தார். கஷாயத்தை அவரவர் வீட்டில் காய்ச்சிக் குடித்த காலத்தில், மருந்தைத் தயாராகச் செய்து டப்பாவில் கொடுத்தார். நோயாளிகள் கடிதத்தில் ஆலோசனை கேட்க, மருந்து தபாலில் போயிற்று. அப்போது கோயமுத்தூரும் மலபாரும் ஒரே மதராஸ் மாகாணம். இங்கே போத்தனூரில் ஏறிய தபால் பை பாலக்காடு, ஷொரணூர் கடந்து திரூரில் இறங்கும். அங்கிருந்து கோட்டக்கல் அதிக தூரமில்லை. 1943-இல் பி.வி. ராம வாரியர் கோயமுத்தூரிலேயே ஆரிய வைத்திய பார்மஸியைத் தொடங்கினார். அதன் பிறகு கணவாயைத் தாண்டாமலே கஷாயம் கிடைத்தது.

காய்ச்சல் கடிதங்களை மட்டும் வேகமாகப் புரட்டினோம், ஏனென்றால் அவை வேகமாக எழுதப்பட்டவை. வால்பாறை எஸ்டேட்டுகளுக்குக் கொழுந்து பறிக்கப் போனவர்கள் மலைக் காய்ச்சலில் விழுந்து, எழுதத் தெரிந்த யாரையாவது பிடித்து எழுதவைத்த கார்டுகள். நிலவேம்பு கேட்டிருக்கிறார்கள். அதே காலத்தில் அரசாங்கம் நீலகிரி நடுவட்டத்தில் சிங்கோனாப் பட்டையிலிருந்து கொயினா தயாரித்தது. அதைப் பொட்டலம் போட்டுத் தபாலாபீசிலேயே விற்றார்கள். யோசித்துப் பாருங்கள், கசப்புக்குக் கசப்பு, இரண்டும் ஒரே தபால்காரர் வழியாக! கோயமுத்தூரில் பிளேக் வந்த காலத்துக் கார்டுகள் இருக்கின்றனவா என்று கேட்டேன். ஊரைக் காலி பண்ணிக்கொண்டு ஜனங்கள் வெளியே குடிசை போட்டுத் தங்கிய காலம் அது. இன்றும் கோவையில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் நிற்கின்றன. இல்லை என்று தலையாட்டினார் வைத்தியர். பிளேக் வீட்டுக் கார்டு என்றால் படித்ததும் அடுப்பில் போட்டுவிடுவார்களாம்.

தபால் வைத்தியம் என்றால் எல்லாம் இப்படித்தான் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் விளம்பரம் போட்டு, வாலிபர்களைப் பயமுறுத்திக் காசு பறித்தவர்கள் ஏராளம். ஒரே லேகியம், நூறு நோய்க்கு. கேள்வியே கேட்காமல் வி.பி. வரும்; திறந்தால் வெல்லப்பாகு. அந்த அட்டூழியத்துக்காகத்தான் 1954-இல் மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. நல்லவரையும் போலியையும் பிரித்துக் காட்டியது என்ன என்று இந்த அறையில் உட்கார்ந்து பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது: நல்லவர் முதலில் கேள்வித் தாளை அனுப்பினார், போலி முதலில் பார்சலை அனுப்பினார். இன்னொன்றும் உண்டு. எழுதியதைப் படித்தவுடன் நேரில் வா, அல்லது கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போ என்று மருந்தே அனுப்பாமல் போட்ட பதில்கள் அந்த நோட்டில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ரத்த வாந்தி, நிற்காத பேதி, வயிற்றில் கட்டி. அதை எழுத ஒரு வைத்தியருக்கு நேர்மை வேண்டும். வியாபாரம் அல்லவா கைவிட்டுப் போகிறது!

ஓரத்தில் கறுப்பு பூசிய கார்டு ஒன்றும் கம்பியில் இருந்தது. இனிமேல் மருந்து அனுப்ப வேண்டாம் என்று மகன் எழுதியிருக்கிறான். அனுப்பிய கடைசிப் பார்சலுக்குப் பணம் வி.பி.யில் கட்டியாயிற்று என்றும் எழுதியிருக்கிறான். பதில் நோட்டில் அந்தத் தேதியைத் தேடினோம். பணத்தைத் திருப்பி மணியார்டர் செய்ததாக ஒரு வரி. நானும் வைத்தியரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

பேச்சை மீட்டது அவருடைய போன். விடாமல் கிணுங்குகிறது. எட்டிப் பார்த்தேன், அனுமதியோடுதான். நீட்டிய நாக்கு, கீழிமையை இழுத்துக் காட்டிய கண், தோலில் ஒரு படை, இவையெல்லாம் வாட்ஸ்அப்பில் வரிசையாக! அந்த எட்டு வழியில் இப்போது நாக்கும் கண்ணும் நிறமும் படமாக வருகின்றன, பேச்சு ஆடியோவாக வருகிறது. நாடியும் தொடுகையும் இன்னும் வரவில்லை. 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கு அரசு வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. எந்த மருந்தைத் தொலைவிலிருந்து எழுதலாம், எதை எழுதவே கூடாது என்று அதில் இருக்கிறது. அரசின் இ-சஞ்சீவனி சேவை வழியாக வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசலாம். எல்லாம் நல்லதுதான், வேண்டியதுதான். ஆனால் வைத்தியர் ஒன்று சொன்னார்: "போட்டோ அனுப்பிச்சுட்டு, என்னன்னு சொல்லுங்கன்னு மட்டும் போடறாங்க. என்ற அப்பாருக்கு வந்த கார்டுல நோயாளியே பாதி வைத்தியம் பண்ணிருப்பாருங்க. எப்ப வலிக்குது, எப்ப வலிக்கலன்னு அவரே யோசிச்சு எழுதிருப்பாரு."

அதனால் அவர் இப்போதும் பழைய கேள்வித் தாளைப் படமெடுத்து அனுப்புகிறார். பொறுமையாகப் பூர்த்தி செய்து அனுப்புகிறவர்களுக்கு முதலில் பதில் போடுகிறார்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகுமுன், நேரிலோ போனிலோ, ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய்ப் பாருங்கள்: எப்போது ஆரம்பித்தது, எதைத் தின்றால் கூடுகிறது, எப்போது குறைகிறது, இதுவரை என்ன மருந்து சாப்பிட்டீர்கள். கூட இருக்கிறவர்களையும் அடியில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். இன்னொரு வேண்டுகோள், கொங்கு மண்டலத்து வைத்தியர் வீடுகளுக்கு: உங்கள் அட்டாலியில் இப்படி ஒரு கம்பியோ, பதில் நோட்டோ கிடந்தால், போகிக்குப் பழசு கழிக்கும்போது அதை வெளியே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெயரையும் விலாசத்தையும் மறைத்துப் படமெடுத்து வையுங்கள். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ, பக்கத்துக் கல்லூரியின் தமிழ்த் துறையிலோ, வரலாற்றுத் துறையிலோ ஒரு வார்த்தை சொல்லுங்கள். எடின்பரோவில் ஒருவருடைய கடிதங்களை உலகமே படிக்கிறது. நம் ஊர்க் கடிதங்களும் படிக்கப்பட வேண்டியவைதான்.